பிள்ளையின் இருதய ஓட்டை பற்றிய காணொளியை எப்படிச் சோதிப்பது

பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை என்று மருத்துவர் சொன்ன அன்றிரவே உறவினர்கள் புலனத்தில் காணொளிகளை அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். என் மகள் ஆறு வாரக் கைக்குழந்தையாக இருந்தபோது, செந்தூலில் இருக்கும் சின்னம்மா அனுப்பிய ஒன்றில், மருதம்பட்டைக் கஷாயம் கொடுத்து ஓட்டை மூடிவிட்டதாக ஒரு தாய் கண்கலங்கச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். இருதயத்தின் கீழறைகளுக்கு இடையே, சுவரின் தசைப்பகுதியில் உள்ள சிறு ஓட்டைகளில் பெரும்பாலானவை பிள்ளை வளர வளரத் தாமாகவே மூடிக்கொள்கின்றன. கஷாயம் குடித்தாலும் மூடும், குடிக்காவிட்டாலும் மூடும். ஆனால் மேலறைகளும் கீழறைகளும் சந்திக்கும் நடுப்பகுதியிலேயே சுவர் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கோ, நான்கு கோளாறுகள் சேர்ந்து வரும் ஃபாலட் டெட்ராலஜி உள்ள பிள்ளைக்கோ அறுவைச் சிகிச்சை தேவை. அவர்களுக்குக் கஷாயத்தை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள் ஆபத்தானவை.

ஆகவே எக்கோ எனப்படும் இருதய ஒலியலைப் பரிசோதனை முடிந்ததும், ஓட்டை எந்தச் சுவரில், எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர் என்று மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காணொளி பார்க்கும்போது அந்தத் தாள் பக்கத்தில் இருக்கட்டும். வெறுமனே 'இருதய ஓட்டை' என்று மட்டும் சொல்லும் காணொளி உங்கள் பிள்ளையைப் பற்றியதல்ல. பெரியவர்களின் இரத்தக்குழாய் அடைப்புக்குச் சொல்லும் உணவுமுறையும் அப்படித்தான்.

பேசுபவர் யார் என்று அடுத்துப் பாருங்கள். வெள்ளை அங்கியை எவரும் அணியலாம். மலேசிய மருத்துவர் என்றால், மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் அவர் பெயரைத் தேடிப் பார்க்க முடியும். நிபுணர் என்று சொல்லிக்கொண்டால் தேசிய நிபுணர் பதிவேட்டிலும் தேடி, அவர் குழந்தை இருதய நிபுணரா என்று பாருங்கள்.

காணொளியின் இறுதியில் மருந்துப் புட்டியின் விலையும் தொலைபேசி எண்ணும் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இருதய நோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் மருந்தை விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டுச் சட்டமே இந்நாட்டில் தடைசெய்கிறது. புட்டியில் அரசாங்கத்தின் 'மால்' (MAL) மருந்துப் பதிவெண் இருக்கிறதே என்பார்கள். பாரம்பரிய மருந்துக்கு அந்த எண், பாதுகாப்பும் தரமும் பார்க்கப்பட்டதைத்தான் காட்டுகிறது. ஓட்டையை மூடும் என்பதற்கு அது சான்றாகாது. மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லும் காணொளியை அதற்கு மேல் ஆராய வேண்டியதே இல்லை.

பால் குடிக்கும்போது வியர்ப்பது, மூச்சு வாங்குவது, எடை ஏறாமலிருப்பது போன்ற அறிகுறிகளைச் சொல்லி மருத்துவமனைக்குப் போகச் சொல்லும் காணொளி பயனுள்ளது. உதடும் நாக்கும் நீலம் பூத்தால் காணொளியைத் தேடாமல் 999-ஐ அழையுங்கள்.

சந்தேகம் தீராத காணொளியை அடுத்த சந்திப்பில் மருத்துவரிடமே காட்டுங்கள். நான் காட்டினேன், அவர் முழுவதும் பார்த்துவிட்டு, அறிக்கையின் பின்புறத்தில் நான்கு அறைகளை வரைந்து, என் மகளுடைய ஓட்டை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் படத்தைத்தான் நான் சின்னம்மாவுக்கு அனுப்பினேன்.