வாரம் ஒருமுறை அதே கண்மாய்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கத் தொடங்கும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "வெளியே எங்கே கூட்டிப்போகலாம்?" என்பதுதான். நடந்தே போகக்கூடிய ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரந்தோறும் அங்கேயே போங்கள் என்பேன். எங்களுக்கு அது மதுரை ஒத்தக்கடைப் பக்கம், யானைமலை தெரிகிற ஒரு சின்னக் கண்மாய். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு ஐந்து. இரண்டு ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைக் காலைகள் அந்தக் கரையில்தான்.

தொடக்கத்தில் நானும் வாரம் ஓர் ஊராக அலைந்தேன். அழகர்கோவில் மலையடிவாரம், வண்டியூர்த் தெப்பக்குளம், 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி என்று எல்லாம் போய்வந்தோம். திரும்பி வந்து கேட்டால் பஸ்ஸில் கிடைத்த ஜன்னல் சீட்டும் வழியில் தின்ற வெள்ளரிப்பிஞ்சும்தான் அவர்கள் நினைவில் இருந்தன. போன வாரம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே இந்த வாரம் என்ன மாறியிருக்கிறது என்று குழந்தை கண்டுபிடிக்கும்? அரிட்டாபட்டிக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் சொந்தக் கண்மாயை ஓர் ஆண்டாவது பார்த்த பிறகு போனால், அங்கே அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறு.

காலை ஆறேகாலுக்குக் கிளம்பி, ஏழரைக்குள் வீடு திரும்புகிறோம். தண்ணீர் பாட்டில், பழைய துண்டு, ஒரு பூதக்கண்ணாடி, ஆளுக்கொரு நோட்டு, பென்சில். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கைபேசியில் படம் எடுப்பேன். ஆனால் பெயர் தேடுவது வீட்டுக்கு வந்த பிறகுதான். கரையில் நின்று திரையைப் பார்க்க ஆரம்பித்தால், பிள்ளைகளின் கண்ணும் அங்கேயே போய்விடும்.

முதல் பத்து நிமிடம் நான் வாய் திறப்பதில்லை. குழந்தை நின்றால் நானும் நிற்பேன். பிள்ளையார் எறும்பு வரிசை ஒன்றின் முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கண்மாயைப் பார்க்காமலே திரும்பிய நாள்களும் உண்டு. அவற்றை வீணான நாள்கள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. "அது என்ன?" என்று கேட்டால் உடனே பெயரைச் சொல்லாதீர்கள். பெயர் கிடைத்ததும் பார்ப்பது நின்றுவிடுகிறது. "என்ன செய்கிறது, சொல்லு" என்று திருப்பிக் கேளுங்கள். நீர்க்காகம் சிறகை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை, "சட்டை காயப்போடுகிறது" என்றான் சின்னவன். அவன் சொன்னது சரிதானே!

எந்த ஊரிலும் தொடங்கக்கூடிய ஒன்று சொல்கிறேன்: எருக்கஞ்செடி. மடைக்குப் பக்கத்தில் இருந்த செடியில், இலையின் அடிப்பக்கம், கடுகைவிடச் சிறிய வெள்ளை முட்டை ஒன்றை மகள் பார்த்தாள். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் முட்டை அது. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை போதவில்லை, தினமும் போனோம். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிபோட்ட புழு வந்தது. உடம்பில் மெல்லிய கறுப்பு இழைகள். முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வரைந்த படத்தில் மூன்று ஜோடி இருந்தது. மறுநாள் பூதக்கண்ணாடியோடு போய்ப் பார்த்தால், நடுவிலும் ஒரு ஜோடி! எருக்கம்பாலின் நச்சைப் புழு தின்று சேர்த்துக்கொள்வதால்தான் பறவைகள் அதைக் கொத்துவதில்லை என்று அன்றைக்கு வீட்டில் சொன்னேன். கூட்டுப்புழுவான ஒன்பதாம் நாள் காலையில் கூடு வெறும் தோலாகத் தொங்கியது. பூச்சி வெளிவந்ததை நாங்கள் பார்க்கவில்லை. மகள் அழுதாள். அடுத்த முட்டையைத் தேட ஆரம்பித்ததும் அவளேதான்.

கணக்குக்கு எங்களுக்கு மடைப்படி இருக்கிறது. தண்ணீருக்கு மேல் எத்தனை கல்படி தெரிகிறது என்று கரையில் நின்றபடியே எண்ணி, தேதியோடு எழுதுவோம். கார்த்திகையில் இரண்டு, தை கடைசியில் ஐந்து, பங்குனியில் பதினொன்று. வாரத்துக்கு ஒரு கட்டம் என்று கட்டம்போட்ட தாளில் வண்ணம் தீட்டியபோது, மாசிக்குப் பிறகு படிகள் வேகமாகத் தெரிய ஆரம்பித்ததை மகளே கண்டுபிடித்தாள். வெயிலா, வயலுக்குத் திறந்துவிட்ட தண்ணீரா என்று வீட்டில் இரண்டு நாள் வாதம் நடந்தது. உங்கள் ஊரில் கண்மாய் இல்லையென்றால் கோயில் தெப்பக்குளப் படி போதும்.

நோட்டில் எழுத ஒரே ஒரு விதி: தேதி, தமிழ் மாதம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, ஒரு படம், ஒரு வரி. சின்னவன் சொல்வதை அவன் சொன்னபடியே நான் எழுதுவேன். அந்த நோட்டில் பிழை திருத்துவதில்லை. எழுத்துப்பிழையை வேறு வேளையில் கவனித்துக்கொள்ளலாம். "இப்படியே போனால் படிப்பு என்னாவது?" என்று உறவினர்கள் கேட்பார்கள். பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேரவே பதினான்கு வயது ஆக வேண்டும். ஏழு வயதில் ஓட வேண்டிய அவசியம் இல்லை.

கரையில் இருக்கும் மனிதர்களிடம் பேசவிடுங்கள். ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவர்தான் ஆள்காட்டிக் குருவியைக் காட்டினார். "ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கும், அதனால்தான் அந்தப் பெயர். தலைக்கு மேலேயே சுற்றிக் கத்தினால் முட்டை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், அம்மா. அப்படியே பின்னால் வந்துவிடுங்கள்" என்றார். வெறுந்தரையில், கூழாங்கல்லோடு கல்லாக அது முட்டையிடுவதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

பாதுகாப்பில் மட்டும் நான் கண்டிப்பானவள். தண்ணீர் விளிம்புக்குப் பிள்ளைகள் போகக்கூடாது; கண்மாய்ச் சேறு ஆழம் காட்டாது. செருப்பு இல்லாமல் நடக்கக்கூடாது. கல்லைப் புரட்டுவது, பொந்தில் கைவிடுவது இரண்டும் கிடையாது. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைப் பெரியவர்கள் மனப்பாடமாக வைத்திருங்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. அரளி, ஊமத்தை, குன்றிமணி மூன்றையும் அடையாளம் காட்டி, வாயில் வைக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். குன்றிமணியின் சிவப்பு குழந்தைகளைக் கவரும். கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அக்னி நட்சத்திர நாள்களில் காலை நடையை விட்டுவிட்டு, இரவு மொட்டைமாடியில் நிலாவை வரைகிறோம். மழைக்காலத்தில், முதல் மழை விட்ட மறுநாள் எப்படியாவது போய்விடுங்கள். மண்ணில் ஊரும் சிவப்புப் பட்டுப்பூச்சியைச் சில நாள்களே பார்க்க முடியும்.

பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டுப் பிள்ளைகளும் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளைப் பட்டியலிட்டு அனுப்பினால் போதும். எங்கள் போன தைப் பட்டியலில் பத்தொன்பது பறவைகள். அதில் மூன்று சின்னவன் முதலில் பார்த்தவை.

மகளின் நோட்டில் கடைசிப் பக்கங்களுக்குத் "தெரியாதவை" என்று தலைப்பு. இப்போது அதில் இருபத்தொரு கேள்விகள். நான்குக்கு மட்டும் பதில் கிடைத்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை எழுதியது: "தூக்கணாங்குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டு ஏன் விட்டுவிட்டுப் போனது?" பெட்டைக்குப் பிடிக்காவிட்டால் ஆண் குருவி அதைக் கைவிட்டு வேறு கூடு கட்டும் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அந்தக் கருவேல மரத்தில் இன்னும் ஐந்து கூடுகள் தொங்குகின்றன, நாளைக்குப் போகிறோம்.