மும்பைக்கு வரும்போது மீந்துபோகும் வெளிநாட்டுச் சில்லறை

துபாய், குவைத், சிங்கப்பூர் என்று எங்கிருந்தாவது வேலையை முடித்துக்கொண்டு மும்பையில் குடியேற வருகிறீர்களா? பெட்டி கட்டுவதற்கு முன்பே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே வெளிநாட்டு நோட்டை மாற்றலாம், காசை மாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஃபோர்ட், கொலாபா, அந்தேரி, சகார் விமான நிலையம், எங்கே போனாலும் மணி சேஞ்சர் நோட்டுகளை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு காசுகளை உங்கள் பக்கமே தள்ளிவிடுவார். வங்கிக்குப் போனாலும் பெரும்பாலும் இதே பதில்தான்.

அவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர்கள் வாங்கும் நோட்டு ஒன்று வெளிநாடு போகிற இன்னொருவருக்கு விற்பனையாகும், இல்லாவிட்டால் கட்டுக்கட்டாகச் சேர்ந்து அந்தந்த நாட்டுக்கே திரும்பப் போகும். காசு அப்படியில்லை. எடை அதிகம், மதிப்பு குறைவு, நாடு வாரியாகப் பிரித்து எண்ண ஆள் வேண்டும், அனுப்புகிற செலவே அதன் மதிப்பைத் தின்றுவிடும். பயணம் போகிறவர்களும் காசு கேட்டு வாங்குவதில்லை.

அதனால் உண்மையில் பணத்தைக் காப்பாற்றுகிற இடம் மும்பை இல்லை, நீங்கள் கிளம்புகிற ஊர். சில்லறைதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு திர்ஹம் காசு இருபது ரூபாய்க்கு மேல், ஒரு சிங்கப்பூர் டாலர் காசு அறுபது ரூபாய்க்கு மேல், குவைத்தின் 100 ஃபில்ஸ் காசும் இருபதைத் தாண்டும். டப்பாவில் போட்டு வைத்திருக்கும் சிங்கப்பூர் டாலர் காசில் ஒரு பத்து எடுத்தால் மும்பை மாட்டுங்காவில் ஒரு வேளை திருப்தியாகச் சாப்பிடலாம். கடைசி இரண்டு வாரம் மளிகை, டீ எல்லாவற்றுக்கும் முதலில் காசைக் கொடுங்கள். அதற்குப் பிறகும் மீந்தால் ரூமில் கூட இருப்பவரிடமோ, தெரிந்த கடைக்காரரிடமோ காசைக் கொடுத்து நோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள், இதைவிட நல்ல வழி கிடையாது. அதுவும் முடியாவிட்டால் விமான நிலையக் கடையில் ஏதாவது வாங்கும்போது கையில் இருக்கும் காசு முழுவதையும் கொடுத்து மீதியைக் கார்டில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல கடைகள் ஒத்துக்கொள்ளும்.

நோட்டு விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஜிஎஸ்டி உண்டு. எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் வரி குறைந்தது 250 ரூபாயின் மேல் 18 சதவீதம் என்று கணக்கிடப்படும், அதாவது 45 ரூபாய். பத்து திர்ஹம் நோட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் வரியும் ரேட் வித்தியாசமும் போகக் கையில் என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் மாற்றுங்கள். பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள், ரிசர்வ் வங்கி உரிமமும் ரேட் பலகையும் கண்ணில் படுகிற கடையாகப் பாருங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள். தெருவில் நின்று "நல்ல ரேட்" என்று கூப்பிடுபவரிடம் போகவே வேண்டாம்.

சரி, காசு ஏற்கனவே பெட்டியோடு வந்துவிட்டது, என்ன செய்வது? முதலில் பயப்படாதீர்கள். வெளிநாட்டுப் பணம் பற்றிய சட்டமான ஃபெமாவின் விதிப்படி இங்கே வசிப்பவர் வெளிநாட்டு நோட்டாக 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம், காசுக்கு வரம்பே இல்லை. அதை நாடு வாரியாகப் பிரித்து, பெயர் எழுதி, தனித்தனிக் கவரில் போட்டு வையுங்கள். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கம் சொந்தத்திலோ அக்கம்பக்கத்திலோ யாராவது ஒருவர் வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டேதான் இருப்பார். புதிதாகப் போகிற தம்பிக்கு இறங்கியதும் தண்ணீர் பாட்டில் வாங்க, டீ குடிக்க அந்தக் காசு எவ்வளவு உதவும் என்பது முதல் நாள் கையில் சில்லறை இல்லாமல் நின்றவர்களுக்குத் தெரியும். அப்படிக் கொடுக்கும்போது செல்லுகிற காசா என்று பார்த்துக் கொடுங்கள். உதாரணத்துக்கு, பிரிட்டனின் பழைய வட்ட பவுண்டு காசு 2017 அக்டோபர் 15-க்குப் பிறகு கடைகளில் செல்லாது. யூரோ காசில் பின்பக்கம் எந்த நாட்டுச் சின்னம் இருந்தாலும் யூரோ புழங்கும் எல்லா நாட்டிலும் செல்லும்.

தானமாகக் கொடுக்க நினைத்தால், ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் 1987 முதல் சில விமான நிறுவனங்களோடு சேர்ந்து பயணிகளிடம் மீந்த காசை வாங்குகிறது. கேத்தே பசிபிக் விமானத்தில் அதற்கான உறை கொடுப்பார்கள். திருப்பதி உண்டியலிலும் எல்லா நாட்டுக் காசும் விழத்தான் செய்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், இதில் ஏமாந்து பணம் போனால் வயிறு எரியும். "பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள்" என்று போனில் மெசேஜ் வரும். ரிசர்வ் வங்கியின் பெயரையே போட்டு இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது, அப்படி எந்தக் கட்டணமும் தாங்கள் கேட்பதில்லை என்றும் சொன்னது. சேகரிப்பாளர்கள் தேடுவது அரிய காசு. நேற்றுவரை டீக்கடையில் கொடுத்த 50 ஃபில்ஸுக்கு யாரும் லட்சம் தரமாட்டார்கள்.