சம்பளம் தீர்க்காத கூச்சம்

அப்பா தூத்துக்குடி பக்கம் உப்பளத்தில் உப்பு வாரியவர். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, கடனை அடைத்து, சொந்தமாக வீடு வாங்கிய பிறகும், 'அப்பா என்ன பண்றார்?' என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். காசு வந்தால் அந்தக் கூச்சம் போய்விடும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே போகிறது? நம்மைவிடப் பெரிய கார் வைத்திருப்பவர் எதிரில் வந்தால் அதுவும் கூடவே வந்து நிற்கும்.

எனக்கு உதவியது பைபிளில் லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 2:24. இயேசு பிறந்த பின் மரியாளும் யோசேப்பும் எருசலேம் தேவாலயத்தில் செலுத்திய பலி ஒரு ஜோடு காட்டுப்புறா, அல்லது இரண்டு புறாக்குஞ்சு. இதோடு பழைய ஏற்பாட்டுச் சட்டப் புத்தகமான லேவியராகமம் 12:8-ஐயும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும்: ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாத தாய்க்கு நியமித்த பலி அது. வசதியில்லாத வீடு என்பது ஆலயத்தில் பார்க்கிற எவருக்கும் தெரிந்திருக்கும், லூக்காவும் அதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். (நம் கிறிஸ்துமஸ் குடில்களின் சீரியல் லைட் வெளிச்சத்தில் இந்த ஏழ்மை கண்ணில் படுவதே இல்லை.) தேவகுமாரன் வந்து பிறந்த இடமே அப்படி என்றால், என் வீட்டை நான் ஏன் ஒளிக்க வேண்டும்?

சரி, அப்புறம் அலுவலகத்தில் கேட்டவரிடம் உப்பளம் என்றே சொன்னேன், தொண்டை அடைத்தது. அவர், "அந்த வெயில்ல கண்ணு கூசுமே" என்றார், அவ்வளவுதான். பெரிய இடத்துக் கல்யாணங்களில் இன்னும் கொஞ்சம் கூசுகிறது; அன்றைக்கு இரவு லூக்காவை மறுபடி எடுப்பேன்.