எல்இடி விளக்கின் இரைச்சல் எங்கே பிறக்கிறது? கணினியில் வரைந்து பார்ப்போம்

சுங்கை சிப்புட்டில் பெரியப்பா வீட்டு ரேடியோ, பின்கட்டு விளக்கைப் போட்டதும் 'உஸ்ஸ்' என்று இரையும். மின்னல் எஃப்எம்மில் போகும் பாட்டு அதற்குள் அமுங்கிப்போகும். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலிருந்து கூடவே வரும் பெட்டி அது. "பழசாப் போச்சுப்பா, தூக்கிப் போட்டுடலாம்" என்றார். நான் விளக்கை அணைத்தேன். பாட்டு பளிச்சென்று கேட்டது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய அந்த எல்இடி விளக்குதான் காரணம்.

விளக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே 325 வோல்ட் நேர்மின்னழுத்தமாக மாறுகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் அது கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கும். மின்சுற்றைக் கணினியிலேயே வரைந்து ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தால் போதும், கை படாமலே எல்லாவற்றையும் பார்க்கலாம்.

முதலில் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: இரைச்சலின் மூலம், அது போகும் வழி, பாதிக்கப்படும் கருவி. மூலம் என்பது விளக்குக்குள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் டிரான்சிஸ்டர். பாதிக்கப்படுவது பெரியப்பாவின் ரேடியோ. நடுவில் இருக்கும் வழியைத்தான் எந்தச் சுற்றுப்படத்திலும் பார்க்க முடியாது. டிரான்சிஸ்டர் ஒட்டியிருக்கும் உலோகத் தகடுக்கும் பூமிக்கும் இடையே, யாரும் வைக்காத ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் தானாகவே உருவாகிவிடுகிறது. அதை வரையாமல் விட்டால் மாதிரியில் இரைச்சலே வராது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

சரி, இப்போது எல்டிஸ்பைஸைத் திறங்கள். ஒரு வோல்டேஜ் மூலத்தை வைத்து, அதைப் பல்ஸ் வகைக்கு மாற்றுங்கள். கீழ்மட்டம் 0, மேல்மட்டம் 325 வோல்ட். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் 50 நானோ செகண்ட். மேலே நிற்கும் நேரம் 7.64 மைக்ரோ செகண்ட், முழுச் சுற்று 15.3846 மைக்ரோ செகண்ட். அதாவது 65 கிலோஹெர்ட்ஸ்.

அதோடு தொடராக 20 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர். அதுதான் நம் தகடு. அடுத்து 25 ஓம் மின்தடை, பிறகு கிரவுண்ட். ஏன் 25? பரிசோதனைக் கூடத்தில் மின்கம்பி ஒவ்வொன்றிலும் 50 ஓம் வைத்து இரைச்சலை அளப்பார்கள். இரண்டு கம்பியும் பக்கவாட்டில் சேர்ந்தால் 25.

ஓட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். மொத்தம் 2 மில்லி செகண்ட் ஓட விட்டு, கடைசி 1 மில்லி செகண்டை மட்டும் சேமியுங்கள். அதில் சரியாக 65 சுற்று அடங்கும். அதிகபட்சக் கால இடைவெளியை 5 நானோ செகண்டாக வையுங்கள். அலைவடிவச் சுருக்கத்தையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இல்லாத இரைச்சலும் முளைக்கும்.

மின்தடையின் மேல் வரும் அலையைப் பாருங்கள். பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கிறது. சுவிட்ச் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் ஊசிபோல் எழும்புகிறது. கையால் கணக்குப் போட்டாலும் இதே விடைதான்: 325 வோல்ட்டை 50 நானோ செகண்டால் வகுத்து, 20 பிக்கோஃபாரடால் பெருக்கினால் 130 மில்லிஆம்பியர். கண்ணுக்கே தெரியாத கெப்பாசிட்டர் வழியாக இவ்வளவு ஓடுவதை முதன்முறை பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

அப்புறம் எஃப்எஃப்டி போடுங்கள், அதாவது அலையை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம். 65, 195, 325 கிலோஹெர்ட்ஸ் என்று சீப்பின் பற்கள் மாதிரி ஏறக்குறைய ஒரே உயரத்தில் கோடுகள் நிற்கும். அலையின் வலு அதிர்வெண் ஏற ஏறக் குறைகிறது, ஆனால் கெப்பாசிட்டர் அதே அளவுக்கு வழிவிடுவது கூடுகிறது. அதனால்தான் இந்தச் சமம். உயரம் சுமார் மைனஸ் 30.5 டெசிபல். இது 1 வோல்ட்டோடு ஒப்பிட்ட கணக்கு. அதோடு 120 கூட்டினால் 1 மைக்ரோவோல்ட்டோடு ஒப்பிட்ட கணக்கில் 89.5 டெசிபல். விளக்குகளுக்கான சிஸ்பர் 15 தரம் 1 மெகாஹெர்ட்ஸில் அனுமதிப்பது 56தான். வடிகட்டி எதுவும் இல்லாத நம் விளக்கு 33 டெசிபல் தாண்டி நிற்கிறது.

இனி எண்களை மாற்றி விளையாடுங்கள். ஏறும் இறங்கும் நேரத்தை 150 நானோ செகண்டாக்கினால் 195 கிலோஹெர்ட்ஸ் கோடு அசையவே அசையாது. 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் சரியும். 20 பிக்கோஃபாரடை 5 ஆக்குங்கள், எல்லாக் கோடும் 12 டெசிபல் இறங்கும். எந்த மருந்து எந்த நோய்க்கு என்று இப்படித்தான் பிடிபடும்.

ஆனால் பெரியப்பாவின் எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அல்லவா இருக்கிறது? அதற்கு ஒரு தனிச் சுற்று வேண்டும். விளக்குக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு 5 நானோ செகண்டில் மூடுகிறது என்று வைத்துக்கொண்டு, அந்த வேகத்தில் ஒரு பல்ஸ், தொடராக 1 ஓம், 25 நானோஹென்றி, பிறகு கிரவுண்டுக்கு 100 பிக்கோஃபாரட். கால இடைவெளியை 0.5 நானோ செகண்டுக்குக் குறையுங்கள். தட்டிய வெண்கல மணிபோல் அலை அதிரும், எஃப்எஃப்டியில் 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு மேடு எழும். 25 நானோஹென்றி என்பது சுமார் இரண்டரை சென்டிமீட்டர் கம்பி, ஒரு தீக்குச்சியில் பாதி நீளம். அதையே 1 சென்டிமீட்டராக்கி 10 நானோஹென்றி போட்டுப் பாருங்கள். மேடு 159 மெகாஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும். எஃப்எம் அலைவரிசை 108 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது.