தணிக்கைக்கு உட்பட்ட செய்தியை வாசிக்கும் முறை

தணிக்கை கடுமையாக இருக்கும் இடத்தில் தணிக்கை நடப்பதாகச் செய்தி வராது. இந்தியாவில் 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட சில நாள்களில், இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் தன் தலையங்கப் பகுதியை வெறுமையாக விட்டு அச்சிட்டது. அந்த வெள்ளைத் தாளே கண்டனமாகிவிட்டதால், அப்படிக் காலியாக விடவும் கூடாது என்று தணிக்கையாளர்கள் அறிவுறுத்தினர். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசும் 1986இல் இதே தடையைக் கொண்டுவந்தது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் வெற்றிடத்தை எதிர்பார்த்திராமல், நிரப்பப்பட்ட பத்திகளுக்குள் விடுபட்டது எது என்று தேடப் பழக வேண்டும்.

முதலில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். ஒரு போராட்டத்தில் சிலர் இறந்திருக்கும்போது, ‘காவலர்கள் சுட்டனர்’ என்று ஓர் இதழும், ‘துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது’ என்று இன்னோர் இதழும், ‘அசம்பாவிதத்தில் உயிரிழப்பு ஏற்பட்டது’ என்று மூன்றாவது இதழும் எழுதினால், நிகழ்வு ஒன்றாகவே இருக்க, செய்தவர் மட்டும் படிப்படியாக மறைந்துவிடுகிறார். அடுத்து, செய்தியில் யார் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதிகாரிகள் மூவரும் அமைச்சர் ஒருவரும் பேசி, இறந்தவர் வீட்டிலிருந்து ஒரு சொல்கூட இல்லையென்றால், நிருபர் களத்துக்குப் போகவில்லை அல்லது போனவர் எழுதியது அச்சேறவில்லை. உரிமையாளர் வேறுவேறான நான்கு ஊடகங்களில் ஒரே வாக்கியம் சொல் மாறாமல் வந்திருந்தால் அது அரசின் செய்திக்குறிப்பாகவோ செய்தி முகமையின் வரியாகவோ இருக்கக்கூடும். எந்த முகமையின் பெயரும் அதில் இல்லாதபோதுதான் ஐயம் வலுக்க வேண்டும். முதல் நாள் முதல் பக்கத்தில் இருந்த செய்தி மூன்றாம் நாள் எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும். என் மதிப்பீட்டில், அச்சத்தின் அளவைக் காட்டுவதில் இதைவிட நல்ல அடையாளம் இல்லை. ஆயினும் எல்லா விடுபடலும் தணிக்கை அல்ல. ஆள் பற்றாக்குறையும் சோம்பலும் அதே வேலையைச் செய்யும் என்பதால், ஒருமுறை பார்த்ததை வைத்து முடிவு கட்டிவிடலாகாது.

பணம் வரும் வழியையும் பாருங்கள். மெக்சிகோவில் 1935இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் ஒன்று பல பத்தாண்டுகள் அச்சுத்தாள் வழங்கலைத் தன் கையில் வைத்திருந்தது. தாள் வராது என்ற நினைப்பே தணிக்கையாளரின் கத்தரிக்கோல் செய்யும் வேலையைச் செய்யப் போதுமானது. இன்று பல நாடுகளில் அந்த இடத்தை அரசு விளம்பரம் பிடித்திருக்கிறது.

ஒரு தடையை அரசு ‘சட்டப்படி’ என்று நியாயப்படுத்தும்போது, குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 19ஆம் பிரிவை வைத்து மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: தடை தெளிவான சட்டத்தில் எழுதப்பட்டுள்ளதா, பிறர் நற்பெயர், நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற அங்கீகரிக்கப்பட்ட நோக்கம் ஒன்றுக்காகவா, அந்நோக்கத்துக்கு அது உண்மையிலேயே தேவையா? பெரும்பாலான அடக்குமுறை மூன்றாவதில்தான் தடுக்கி விழுகிறது. ஒரு பத்திரிகையாளர் மீது தொடுக்கப்படும் வழக்குகளின் எண்ணிக்கையும் பேசும்: மால்டாவில் 2017இல் கார்க்குண்டு வைத்துக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் தாப்னே கருவானா கலீசியா மீது, அப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன.

கண்டவற்றைத் தேதியுடன் குறித்து வையுங்கள். இணையப் பக்கம் திருத்தப்படலாம் என்பதால் அன்றைக்கே படி எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு நல்ல முன்மாதிரி, சோவியத் ஒன்றியத்தில் 1968 ஏப்ரலில் தொடங்கிய ‘நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு’ என்ற, இரகசியமாகக் கைமாறிப் பரவிய தட்டச்சு இதழ். கைது, விசாரணை, சிறைத் தண்டனை ஆகியவற்றை அடைமொழியின்றி உலர்ந்த நடையில் பதிந்த அவ்விதழ், தன் பிழைகளைப் பின்வந்த இதழ்களில் திருத்தியும் வெளியிட்டது. தகவல் தர விரும்பும் வாசகர், இதழைத் தமக்குக் கொடுத்தவரிடமே அதைச் சொல்ல வேண்டும். அவர் தமக்குக் கொடுத்தவரிடம் சொல்வார். அந்தச் சங்கிலி முழுவதையும் தாமே தேடிக் கண்டறிய முயல வேண்டாம், முயன்றால் உளவாளி என்று கருதப்படுவீர்கள் என்றும் இதழ் எச்சரித்திருந்தது.