சொல்லா, தொனியா: வேதாகம மொழிபெயர்ப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

கோலாலம்பூர் செந்தூலில், எங்கள் வீட்டில் வியாழக்கிழமை இரவு வேதபாடம் நடக்கும். மேசையில் பழைய தமிழ் வேதாகமம், 1995-இல் வெளிவந்த திருவிவிலியம், மகனுடைய அல்கித்தாப் (மலாய் மொழி வேதாகமம்) மூன்றும் இருக்கும். எது சரியான மொழிபெயர்ப்பு என்று யாராவது கேட்டால், யோவான் 2:4-ஐத் திறக்கச் சொல்வேன்.

பழையதில் இயேசு தம் தாயிடம் "ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன" என்று கேட்பதாக இருக்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொற்கள் அப்படியே வந்திருக்கின்றன. ஆனால் நம் காதுக்கு மகன் தாயை அதட்டுவதுபோல் கேட்கிறது. கிரேக்கத்தில் அந்த விளி மரியாதைக் குறைவானது அல்ல. திருவிவிலியம் "அம்மா" என்கிறது. சொல் விலகுகிறது, தொனி நெருங்குகிறது. அதனால் சொல்லைத் தனியாகவும் தொனியைத் தனியாகவும் பாருங்கள்.

அப்புறம் 'நாம்', 'நாங்கள்'. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், தேர்வு மொழிபெயர்ப்பாளருடையது. மாற்கு 4:38-இல், படகில் தண்ணீர் நிறையும்போது பழையதில் சீடர்கள் இயேசுவிடம் "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள். 'நாம்' என்று போட்டிருந்தால் இயேசுவும் அந்த ஆபத்துக்குள் வந்துவிடுவார். ஒரே சொல்லில் எவ்வளவு பெரிய வித்தியாசம், பாருங்கள்! மலாயிலும் கித்தா, காமி என்று இதே பிரிவு உண்டு. அல்கித்தாப்பைத் திறந்து அவர்கள் எதை எடுத்தார்கள் என்று பாருங்கள்.

1 யோவான் 5:7-இல் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்ற வரி பழையதில் உண்டு, திருவிவிலியத்தில் இல்லை. பழமையான கிரேக்கக் கையெழுத்து ஏடுகளிலும் அது இல்லை. ஆகவே வரி குறைந்தால் உடனே குற்றம் சொல்லாமல், எந்த மூலத்திலிருந்து மொழிபெயர்த்தார்கள் என்று முன்னுரையில் தேடுங்கள்.