லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு அலுவலகத்தில் சில நூறு கம்ப்யூட்டர்கள். லேப்டாப்புகளில் மட்டும் விபிஎன் ஏற வேண்டும், டிஸ்க் என்கிரிப்ஷன் கட்டாயமாக வேண்டும். டெஸ்க்டாப்புகளுக்கு ஸ்லீப் ஆகாத பவர் பிளான் போக வேண்டும். இதற்காக எழுதும் ஸ்கிரிப்ட் முதலில் கேட்பது "இது லேப்டாப்பா?" என்றுதான். ஆனால் அதற்கு உறுதியாக ஆம், இல்லை என்று சொல்லும் ஒற்றை அடையாளம் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலும் இல்லை. தயாரிப்பாளர் பயாஸில் எழுதி வைத்த சில எண்களும், பேட்டரி, மூடி, திரை போன்ற உறுப்புகள் விட்டுச்செல்லும் தடயங்களும்தான் நமக்குக் கிடைக்கின்றன. ஒவ்வொரு தடயமும் எந்த இடத்தில் பொய் சொல்லும் என்று தெரியாமல் எழுதினால், என்கிரிப்ஷன் இல்லாத லேப்டாப் ஒன்று பேருந்தில் தொலையும் நாளில்தான் பிழை வெளியே தெரியும்.

பேட்டரியை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது

அதிகம் பேர் எழுதும் சோதனை இது: பேட்டரி இருந்தால் லேப்டாப், இல்லாவிட்டால் டெஸ்க்டாப். இது இரண்டு பக்கமும் தவறும். யூபிஎஸ் ஒன்றை யூஎஸ்பி கேபிளால் டெஸ்க்டாப்போடு இணைத்தால், விண்டோஸ் அதைப் பேட்டரியாகவே எடுத்துக்கொள்ளும். டாஸ்க்பாரில் பேட்டரி ஐகான் வரும், கணினியின் விவரங்களைத் தரும் விண்டோஸ் வசதியான டபிள்யூஎம்ஐ-யின் வின்32_பேட்டரி கிளாஸில் ஒரு பதிவும் தோன்றும். மின்வெட்டுக்காக யூபிஎஸ் வைக்காத அலுவலகம் நம்மூரில் குறைவு என்பதால், இதை அபூர்வமான விஷயம் என்று தள்ளிவிட முடியாது. மறுபக்கம், பேட்டரி உப்பிப்போனதால் கழற்றி எடுத்துவிட்டு, சார்ஜரிலேயே ஓடும் பழைய லேப்டாப்புகள். அவற்றை இந்தச் சோதனை டெஸ்க்டாப் என்று சொல்லிவிடும்.

வின்32_பேட்டரியில் உள்ள பேட்டரிஸ்டேட்டஸ் எண்ணை வைத்துச் சிலர் வடிகட்டுவார்கள். 1 என்றால் பேட்டரியில் ஓடுகிறது. 2 என்றால் சார்ஜர் மின்சாரம் வருகிறது, பேட்டரி காலியாகவில்லை. 1 மட்டும் வந்தால் லேப்டாப் என்று எழுதினால், சார்ஜரில் செருகியிருக்கும் எல்லா லேப்டாப்பும் விட்டுப்போகும். ஸ்கிரிப்ட் காலையில் ஒரு பதிலும் மாலையில் வேறு பதிலும் தரும். இப்படிப்பட்ட பிழையைத் தேடிப் பிடிக்க அதிக நேரமாகும்.

இன்னும் நுணுக்கமான ஒன்று கெட்சிஸ்டம்பவர்ஸ்டேட்டஸ் என்ற விண்டோஸ் ஃபங்ஷனில் இருக்கிறது. அது தரும் பேட்டரிஃபிளாக் ஒரே ஒரு பைட். அதில் 128 என்றால் "சிஸ்டம் பேட்டரி இல்லை" என்று பொருள். 255 என்றால் "நிலையைப் படிக்க முடியவில்லை" என்று பொருள். 255-இல் எட்டு பிட்டுகளும் 1. ஆகவே 128-க்குரிய பிட்டை மட்டும் ஆண்ட் போட்டுச் சோதித்தால், படிக்க முடியாத நிலையும் "பேட்டரி இல்லை" என்றே வரும். முதலில் 255-ஆ என்று தனியாகக் கேளுங்கள், பிறகு 128-க்கு வாருங்கள். இந்த ஒரு வரியின் வரிசை மாறினாலே, பேட்டரி டிரைவர் இன்னும் எழாத நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் நல்ல லேப்டாப்பையும் டெஸ்க்டாப் கணக்கில் சேர்த்துவிடும்.

சி அல்லது சி பிளஸ் பிளஸில் எழுதுபவர்களுக்கு இதைவிட நல்ல வழி கெட்பவர்கேப்பபிலிட்டீஸ் ஃபங்ஷன். அதில் லிட்பிரசன்ட் (மூடி உண்டா), சிஸ்டம்பேட்டரீஸ்பிரசன்ட் (பேட்டரி உண்டா), பேட்டரீஸ்ஆர்ஷார்ட்டெர்ம் என்று மூன்று விவரங்கள் ஒரே அழைப்பில் கிடைக்கும். மூன்றாவது உண்மை என்று வந்தால், இருப்பது யூபிஎஸ் போன்ற குறுகிய நேரப் பேட்டரி. பேட்டரியும் மூடியும் சேர்ந்திருந்து, குறுகிய நேரப் பேட்டரி இல்லையென்றால் அது வலுவான தடயம்.

லினக்ஸில் /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை ஃபோல்டருக்குள் டைப் என்ற ஃபைலில் பேட்டரி என்று இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு பேட்டரிகளும் அங்கேதான் வந்து உட்காரும். வேறுபடுத்துவது பக்கத்திலுள்ள ஸ்கோப் ஃபைல். அதில் டிவைஸ் என்று இருந்தால் அது ஏதோ ஒரு துணைக்கருவியின் பேட்டரி, கணக்கில் எடுக்கக்கூடாது. பல லேப்டாப் பேட்டரிகளுக்கு ஸ்கோப் ஃபைலே இருக்காது என்பதையும் கவனியுங்கள். ஃபைல் இல்லாவிட்டால் சிஸ்டம் பேட்டரி என்றே கொள்ள வேண்டும். "ஸ்கோப் சிஸ்டம் என்று இருந்தால் மட்டும்" என எழுதினால் நிஜமான லேப்டாப்புகள் கழிந்துபோகும்.

சேசிஸ் எண்ணைப் பாதி மட்டும் படிப்பது

எஸ்எம்பயாஸ் என்ற, பயாஸ் தரும் கணினி விவர அட்டவணையில் 3-ஆம் வகைப் பதிவு, கணினியின் கூடு (சேசிஸ்) எப்படிப்பட்டது என்பதைச் சொல்கிறது. தயாரிப்பாளரே நிரப்பும் எண் என்பதால் பிராண்டட் கணினிகளில் இதைப் பெரும்பாலும் நம்பலாம். 3 டெஸ்க்டாப், 4 தட்டையான டெஸ்க்டாப், 6 மினி டவர், 7 டவர், 13 ஆல்-இன்-ஒன், 35 மினி பிசி, 36 ஸ்டிக் பிசி. கையில் எடுத்துப்போகும் பக்கம் 8 போர்ட்டபிள், 9 லேப்டாப், 10 நோட்புக், 14 சப்-நோட்புக், 30 டேப்லெட், 31 கன்வெர்ட்டிபிள், 32 டிட்டாச்சபிள்.

9 மட்டும்தான் லேப்டாப் என்று எழுதுவது இங்கே முதல் தவறு. 10 என்று எழுதும் தயாரிப்பாளர்கள் ஏராளம். இரண்டாவது, இணையத்தில் சுற்றும் பழைய பட்டியலை அப்படியே எடுப்பது. அவற்றில் பல 14-ஐத் தாண்டாது, திரை மடங்கித் திரும்பும் 31 அதில் இருக்காது. அதைவிட மோசம், சில பட்டியல்களில் 12, 18, 21 ஆகியவையும் லேப்டாப் என்று சேர்க்கப்பட்டிருக்கும். 12 டாக்கிங் ஸ்டேஷன், 18 எக்ஸ்பான்ஷன் சேசிஸ், 21 பெரிஃபெரல் சேசிஸ். இவை லேப்டாப் இல்லை. எங்கோ ஒரு டாக்கில் வைத்த லேப்டாப்பைப் பிடிக்கச் சேர்த்த எண்கள் காப்பி ஆகிக்கொண்டே வந்திருக்கின்றன.

பழைய பாணி டாக்கில் பொருந்தியிருக்கும் லேப்டாப்பில் வின்32_சிஸ்டம்என்க்ளோஷர் இரண்டு பதிவுகள் தரலாம்: ஒன்று 10, மற்றது 12. முதல் பதிவை மட்டும் எடுத்தால் எது வரும் என்று உறுதியில்லை. வகை எண் இருக்கும் சேசிஸ்டைப்ஸ் என்பதே ஓர் அர்ரே, அதாவது பல மதிப்புகளின் பட்டியல். எல்லாப் பதிவுகளையும், ஒவ்வொன்றின் எல்லா உறுப்புகளையும் சுற்றி வந்து, ஒன்றாவது கையடக்கப் பட்டியலில் இருந்தால் போதும் என்று எழுதுங்கள்.

அர்ரே என்பதால் இன்னொரு சிக்கலும் வருகிறது. குரூப் பாலிசிக்கு (பல விண்டோஸ் கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் வசதி) டபிள்யூஎம்ஐ ஃபில்டர் எழுதும்போது, குவெரியின் நிபந்தனைப் பகுதியில் (WHERE) சேசிஸ்டைப்ஸ் சமம் 9 என்று போட்டால் வேலை செய்யாது. அந்தக் குவெரி மொழியால் அர்ரேக்குள் தேட முடியாது. ஃபில்டருக்கு வின்32_கம்ப்யூட்டர்சிஸ்டம் கிளாஸின் பிசிசிஸ்டம்டைப் சமம் 2 என்பதுதான் வழி.

சேசிஸ் பைட்டின் மேல் பிட் கூட்டுக்குப் பூட்டு வசதி உண்டா என்பதைச் சொல்வது, மீதி ஏழு பிட்டுகள்தான் வகை. கெட்சிஸ்டம்ஃபர்ம்வேர்டேபிள் மூலம் அட்டவணையை நீங்களே பிரித்துப் படித்தால், பூட்டுள்ள நோட்புக் 138 என்று வரும். 127-உடன் ஆண்ட் போட்டால் 10 கிடைக்கும். லினக்ஸ் கெர்னல் இதைத் தானே கழித்துவிட்டு /சிஸ்/கிளாஸ்/டிஎம்ஐ/ஐடி/சேசிஸ்_டைப் ஃபைலில் எழுதுகிறது. அந்த ஃபைலைப் படிக்க ரூட் (நிர்வாகி) அனுமதியும் தேவையில்லை. இதற்காகச் சூடோ போட்டு டிஎம்ஐடிகோட் ஓட்டும் ஸ்கிரிப்டுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, வீணாகக் கேட்கும் அனுமதி அது.

அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புகளில் மதர்போர்டு நிறுவனத்தின் இயல்பு எண் அப்படியே இருக்கும். பெரும்பாலும் 3, சிலவற்றில் 1 அல்லது 2, அதாவது "மற்றவை", "தெரியாது". இந்த இரண்டையும் டெஸ்க்டாப் என்று எழுதாதீர்கள். அடுத்த தடயத்துக்குப் போக வேண்டும் என்பதே அவற்றின் பொருள்.

ஏசிபிஐ சொல்வதைப் பாதியில் விடுவது

பிசிசிஸ்டம்டைப் எண் வருவது, மின் நிர்வாகத்துக்கான தரநிலையான ஏசிபிஐ-யின் எஃப்ஏடிடி அட்டவணையில் உள்ள பவர் புரொஃபைலிலிருந்து. 1 டெஸ்க்டாப், 2 மொபைல், 3 ஒர்க்ஸ்டேஷன், 4, 5, 7 சர்வர் வகைகள். டேப்லெட்டுக்குத் தனி எண் 8. பழைய பிசிசிஸ்டம்டைப்பில் டேப்லெட்டுக்கென்று இடமில்லை, பிசிசிஸ்டம்டைப்இஎக்ஸ்-இல்தான் 8 ஸ்லேட் என்று வருகிறது. லினக்ஸில் இதே எண் /சிஸ்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ/பிஎம்_புரொஃபைல் ஃபைலில் இருக்கிறது.

சேசிஸ் எண்ணும் இதுவும் ஒத்துப்போனால் கிட்டத்தட்ட முடிந்தது.

மெய்நிகர் கணினியை மறப்பது

ஒரு கணினிக்குள் இன்னொன்றை மென்பொருளாக ஓட்டும் விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ், கியூஎமு ஆகியவை வழக்கமாகச் சேசிஸ் 1 தரும், ஹைப்பர்-வி 3 தரும். பேட்டரி விஷயத்தில்தான் குழப்பம். விர்ச்சுவல்பாக்ஸ் ஹோஸ்ட் லேப்டாப்பின் பேட்டரியை உள்ளே இருக்கும் விருந்தாளி சிஸ்டத்துக்கும் காட்டும். ஹைப்பர்-வியும் விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து இதைச் செய்கிறது. எனவே மெய்நிகரா என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். லினக்ஸில் சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் கட்டளை போதும். விண்டோஸில் ஹைப்பர்வைசர்பிரசன்ட் என்ற பண்பை நம்ப வேண்டாம். ஹைப்பர்-வி வசதியோ மெமரி இன்டெக்ரிட்டி போன்ற மெய்நிகர் அடிப்படைப் பாதுகாப்போ ஓடும் நிஜ லேப்டாப்பிலும் அது உண்மை என்றே வரும். கம்ப்யூட்டரின் மாடல், தயாரிப்பாளர் பெயர்களைப் பாருங்கள்.

மேக்கில் பெயரை நம்புவது

மாடல் பெயரைத் தரும் ஹெச்டபிள்யூ.மாடல் மதிப்பில் "புக்" என்ற சொல் இருந்தால் மேக்புக் என்பது நெடுங்காலம் சரியாக இருந்தது. ஆப்பிள் பெயரிடும் முறையை மாற்றியபின் எம்2 மேக்புக் ஏர் வெறும் மேக்14,2 ஆகிவிட்டது. எம்2 மேக் மினி மேக்14,3. பெயரை வைத்து இனிப் பிரிக்க வழியில்லை. ஐஓரெஜ் கட்டளையில் ஆப்பிள்கிளாம்ஷெல்ஸ்டேட் என்ற சாவி வருகிறதா என்று பாருங்கள். அது மூடி உள்ள மேக்குகளுக்கானது.

ஊகத்தை ஆதாரமாக எடுப்பது

திரை 17 அங்குலத்துக்குக் கீழே இருந்தால், வைஃபை இருந்தால், பிராசசர் பெயர் யூ என்ற எழுத்தில் முடிந்தால் லேப்டாப் என்ற சோதனைகளை விட்டுவிடுங்கள். மினி பிசிக்களில் லேப்டாப் பிராசசரும் வைஃபையும் சாதாரணம். மூடியை மூடிவிட்டு வெளி மானிட்டரில் வேலை செய்பவருக்கு 27 அங்குலத் திரைதான் தெரியும். உள் திரை இணைப்பும் உறுதியான சாட்சி இல்லை: ஆல்-இன்-ஒன்களிலும் உள் திரை உண்டு. இல்லாத லேப்டாப் திரையை இருப்பதாகச் சொல்லும் கணினிகளுக்காக லினக்ஸின் ஐ915 டிரைவரில் விலக்குப் பட்டியலே இருக்கிறது, பழைய மேக் மினிகள் அதில் உண்டு.

பிரவுசரிலிருந்து கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை. கெட்பேட்டரி அழைப்பு பேட்டரியே இல்லாத டெஸ்க்டாப்பிலும் "சார்ஜ் ஆகிறது, 100 சதவீதம்" என்றுதான் பதில் தரும். முழுதாக ஏறி, சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பும் அதே பதிலைத் தரும். ஃபயர்ஃபாக்ஸ் 2017-இல் 52-ஆம் பதிப்பில் இந்த வசதியை இணையப் பக்கங்களிடமிருந்து எடுத்துவிட்டது, சஃபாரியில் அது இல்லை.

எந்த வரிசையில் கேட்பது

முதலில் மெய்நிகரா என்று பாருங்கள், ஆமெனில் அத்தோடு நிறுத்துங்கள். பிறகு சேசிஸ் எண். கையடக்கப் பட்டியலிலோ டெஸ்க்டாப் பட்டியலிலோ தெளிவாக இருந்தால் பவர் புரொஃபைலோடு ஒப்பிடுங்கள். சேசிஸ் 1, 2 அல்லது பட்டியலில் இல்லாத எண் என்றால் பவர் புரொஃபைல் சொல்வதை எடுங்கள். இரண்டும் முரண்பட்டால் மட்டும் மூடியும் சிஸ்டம் பேட்டரியும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளை இந்த வேலையின் பெரும்பகுதியைத் தானே செய்துவிடும். நிர்வாகி செட்-சேசிஸ் கொடுத்துக் கையால் எழுதிய மதிப்பு இருந்தால் அதற்கே முன்னுரிமை தரும், அதுவே சரியும்கூட.

விண்டோஸ் ஸ்கிரிப்டில் டபிள்யூஎம்ஐசி கட்டளையைப் புதிதாக எழுத வேண்டாம். அது கைவிடப்பட்டது, விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் இயல்பாக இருப்பதும் இல்லை. கெட்-விம்ஆப்ஜெக்ட் பவர்ஷெல் 6 முதல் கிடையாது. கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல், புதிய பவர்ஷெல் இரண்டிலும் ஓடும்.

ஃபங்ஷன் ஆம், இல்லை என்று இரண்டு விடை மட்டும் தருவது நான் பார்த்தவரை மிகப் பெரிய வடிவமைப்புத் தவறு. "தெரியவில்லை" என்ற மூன்றாவது விடைக்கு இடம் கொடுங்கள், அதை என்ன செய்வது என்பதைத் தேவை தீர்மானிக்கட்டும். என்கிரிப்ஷனுக்குத் "தெரியவில்லை" என்பது லேப்டாப். ஸ்லீப்பை அணைக்கும் பாலிசிக்கும் அது லேப்டாப்தான், பையில் சூடேறும் கணினியை யாரும் விரும்பமாட்டார்கள். திரை வெளிச்சத்துக்கு ஸ்லைடர் காட்டுவதற்கோ கணினி வகையே தேவையில்லை: லினக்ஸில் /சிஸ்/கிளாஸ்/பேக்லைட் ஃபோல்டரில் ஏதாவது இருக்கிறதா, விண்டோஸில் டபிள்யூஎம்ஐமானிட்டர்பிரைட்னஸ் பதில் தருகிறதா என்று நேரடியாகவே கேட்டுவிடலாம்.

முடிவை மட்டும் லாகில் எழுதாமல், சேசிஸ் எண்கள் முழுவதும், பவர் புரொஃபைல், மாடல் பெயர், பேட்டரி பதிவுகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். புதிய மாடல் ஒன்று தப்பாக வகைப்பட்டால், அந்த ஒரு வரியைப் பார்த்தே எந்தப் பட்டியலில் எந்த எண்ணைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிடலாம், அந்தக் கணினியைத் தேடிப் போக வேண்டியதில்லை.